சாப்பிட்ட பிறகு சொல்கிறேன்

எங்கள் மதினி வேளை கெட்ட வேளையில் தட்டும் கையுமாக வந்து நின்றால் வீட்டில் எல்லோரும் தட்டை விட்டுவிட்டு அவர் முகத்தைத்தான் பார்ப்போம்.

மதினி என் கணவரின் அக்கா. கோவில்பட்டியில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரை ஓரிடத்தில் இடித்துக் கதவு வைத்து, தாழ்ப்பாள் போடாமல் விட்டிருந்தோம். காலை பத்தரை மணிக்கோ சாயங்காலம் நாலு மணிக்கோ அந்தக் கதவு வழியாக அவர் இட்லியோடு வந்தால், சொந்தத்தில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இந்தா, ரெண்டே ரெண்டு. சூடா இருக்கு. தின்னுட்டுப் பேசுவோம்."

"போனது யாருக்கா?" என்பார் என் கணவர், தட்டைத் தொடாமல்.

"மொதல்ல தின்னுலே."

"யாருன்னு சொல்லு, திங்கேன்."

"நீ தின்னு, சொல்லுதேன்."

இந்த வழக்கில் என் கணவர் ஒருநாளும் ஜெயித்ததில்லை. எப்போதும்வென்றான் கிராமத்தில் யார், கடம்பூரில் யார் என்று வயதானவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் சாகடித்துக்கொண்டே இட்லியை விழுங்குவார். ஒருமுறை தின்று முடித்துக் கையையும் கழுவிவிட்டு, "இப்ப சொல்லு" என்று நின்றார். மதினி விழித்தார். "என்னத்தச் சொல்ல? மாவு புளிச்சிருமேன்னு கொண்டாந்தேன்." இரண்டு நாள் அக்காவோடு அவர் பேசவில்லை.

துக்கம் விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். தூக்கிக்கொண்டு போய்க் குளித்து வரும்வரை பச்சைத் தண்ணீரோடு கிடக்க வேண்டும். வெயில் காலத்தில் எத்தனையோ பேர் மயானத்துப் பாதையில் மயங்கி விழுந்ததை மதினி பார்த்திருக்கிறார். அதனால் சேதி காதில் விழுவதற்கு முன் வயிற்றில் நாலு வாய் இறங்கிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். "செத்தவுக காத்திருப்பாவ. பசி காத்திருக்காது" என்பார்.

இந்தச் சட்டம் எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. மதினியின் கணவர் தீப்பெட்டி பண்டல்களை வடக்கே அனுப்பும் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். ஆபீஸ் வீட்டின் முன்கட்டிலேயே இருந்தது. தெருவுக்கு முதல் போன் அங்கேதான் வந்தது. தெருவில் யாருக்கு எந்த ஊரிலிருந்து சாவுச் சேதி வந்தாலும் மதினி காதில் விழுந்துதான் போக வேண்டும். அவர் உடனே ஓட மாட்டார். அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "அடுப்புல என்ன இருக்கு?" என்று கேட்பார். உலை கொதித்துக்கொண்டிருந்தால் வடித்து இறக்கும்வரை ஊர்க்கதை பேசுவார். நாளடைவில் தெருவுக்கே இது பிடிபட்டுவிட்டது. அவர் படியிறங்குவதைப் பார்த்ததுமே எதிர்வீட்டுப் பெண் கத்துவாள்: "யக்கா, நாங்க சாப்ட்டாச்சு! எதுன்னாலும் நேரா சொல்லிருங்க!"

நான் கல்யாணமாகி வந்தபோது மதினியின் கணவர் உயிரோடு இல்லை. அவர் போன விதத்தை என் கணவர்தான் சொன்னார். சாத்தூர் தாண்டி அவர் போன வண்டி ஏதோ லாரியில் மோதியிருக்கிறது. பகல் ஒரு மணிக்குப் போன் வந்தது. அப்போது ஆபீஸ் தரையில் லோடுமேன்கள் நாலு பேர் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதினி போனை எடுத்தார், கேட்டார், "சரி" என்றார், வைத்தார். திரும்பி வந்து நாலு பேருக்கும் இரண்டாம் சோறு வைத்தார். ரசம் ஊற்றினார். மோர் ஊற்றினார். ஒருவர் ஊறுகாய் கேட்க, உள்ளே போய் எடுத்துவந்து வைத்தார். எல்லோரும் கை கழுவியபின் சொன்னார்: "அண்ணாச்சிமாரே, உங்க மொதலாளி போயிட்டாவ. யாராவது போயி என் தம்பியக் கூட்டிட்டு வாங்க."

அந்த நாலு பேரில் ஒருவர் அதன்பிறகு அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லையாம். "அந்த மோர எப்படி ஊத்துனாவ? கை நடுங்கலியே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். மதினியை நினைக்கும்போது அவர் சொன்னதும் எனக்குக் கூடவே நினைவுக்கு வரும்.

எனக்கும் அவர் இப்படிப் பரிமாறியிருக்கிறார்.

என் மகளை வயிற்றில் சுமந்தபோது, பிரசவத்துக்குத் தாய்வீடு போகாமல் கோவில்பட்டியிலேயே இருந்தேன். இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். எப்போதும்வென்றானில் இருந்து அப்பா வாரம் ஒருமுறை பார்க்க வருவார். ஐப்பசியில் அவர் வரவில்லை. கேட்டதற்கு, வரப்பில் வழுக்கிக் கால் பிசகிவிட்டது, பஸ் ஏற முடியவில்லை என்றார்கள். எனக்குப் பிரசவமானது. அப்போதும் வரவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் அம்மா மட்டும் வந்தாள். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு, கையில் புதுக் கண்ணாடி வளையல். வாழ்நாள் முழுக்கக் குங்குமம் வைத்தவள் என் அம்மா. "இது என்னம்மா பேஷன்?" என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

குழந்தை பிறந்த நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு மதினி பூண்டுக் குழம்பும் சோறும் கொண்டுவந்து என் முன் வைத்தார். எட்டு மணிக்குத்தான் சாப்பிட்டிருந்தேன். அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தின்றேன். தின்னாமல் இருந்தால் அது நடந்திருக்காது என்பதுபோல முதலில் மறுத்தேன், பிறகு தின்றேன்.

பிரசவத்துக்குப் பதினொரு நாள் முன்பே அப்பா இறந்திருந்தார். ஐப்பசி மழையில் கரிசல் சகதி முழங்கால்வரை இழுக்க, தூக்கினவர்கள் மூன்று இடத்தில் தோள் மாற்றிக்கொண்டு போனார்களாம். என் கணவர் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போய் வந்திருக்கிறார். தாலி இறக்கிய அம்மாவுக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து அந்தப் பொட்டை ஒட்டிவிட்டவர் மதினி.

"நீ அழுதிருந்தா பால் வத்திப் போயிருக்கும்ட்டி" என்றார். "புள்ள குடிச்சுச்சா இல்லியா? அதச் சொல்லு."

ஒரு வருடம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு வருடமும் தினமும் காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, என் பக்கத்தில் கிடத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். திரும்ப வேலைக்குப் போனபோது குழந்தை முழுக்க முழுக்க அவர் கைக்குப் போயிற்று. எனக்குப் பிள்ளையைக் கொடுத்ததே தான்தான் என்பதுபோல ஒரு பார்வை அவரிடம் இருந்தது. அதை நான் மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது. பழகிக்கொண்டேன்.

அவர் மடியில் வளர்ந்ததால் என் மகளுக்கு அவரைப் பிறந்ததிலிருந்தே அத்துப்படி. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்கு மதினி சூடாகப் பணியாரம் வைத்தார். அவள் பையை மாட்டியபடியே கேட்டாள்: "அத்தை, யாரு செத்துட்டாவ?" யாரும் சாகவில்லை. தன் பிறந்தநாள் என்று அவராகவே வைத்துக்கொண்ட நாள் அது.

மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்தாள். மூன்றாம் வருடத்தில், ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்க அனுப்பும் பட்டியலில் அவள் பெயர் வந்தது. மார்ச்சில் போய் ஜூலை கடைசியில் திரும்ப வேண்டும். என் கணவர் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, "ஒத்தப் பொம்பளப்புள்ள" என்றார். நான் அங்கே என்ன குளிர், யார் சமைப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எதற்கும் பயம் முதலில் வரும். யோசனை பிறகுதான் வரும்.

முடிவெடுத்தவர் மதினி. "போயிட்டு வரட்டும்லே. இங்கன இருந்தா நாம என்னத்தக் காட்டப் போறோம், தீப்பெட்டியும் கடலமிட்டாயுமா?"

"தூரம்க்கா."

"மதுரையும் தூரந்தான். அங்கனயும் நீ தெனமுமா போயி மொகத்தப் பாக்க?"

அதன்பிறகு இரண்டு மாதம் வீடு முழுக்கக் காகிதம். பாஸ்போர்ட், விசா, காப்பீடு, விடுதி அறைக்கு ஒப்பந்தம், காது தெரிய எடுத்த போட்டோ. அந்த ஊர்ப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மதினி மட்டும் ரேஷன் கார்டு எண்ணை மனப்பாடம் செய்வதுபோல நடந்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பிடித்துவிட்டார். பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோதான் என்றதும், பழைய லாரி ஆபீஸில் இருந்த கொக்கித் தராசைத் தேடி எடுத்து வந்தார். "ஒம்பது டன் ஏத்துன ஆபீஸ்ட்டி இது. இருவத்துமூணு கிலோவுக்கா பயப்படுத?" பருப்புப் பொடியை எடுத்துவிட்டு ஸ்வெட்டரை வைப்பார், ஸ்வெட்டரை எடுத்துவிட்டுப் பொடியை வைப்பார். எல்லாம் இடது கையால். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே இல்லை. கேட்டதற்குச் சுளுக்கு என்றார். நான் அறிவியல் டீச்சர். தைலம் எடுத்துக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முதல்நாள் மகள் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நான் அங்கன ஒத்தையா இருப்பேன். நல்லதோ கெட்டதோ, எதுன்னாலும் அன்னைக்கே எங்கிட்ட சொல்லணும். அம்மாவுக்குத் தாத்தா விஷயத்துல பண்ணுன மாதிரி எனக்குப் பண்ணக் கூடாது."

"சரிம்மா" என்றார் என் கணவர். நானும் சரி என்றேன்.

மதினி ஊறுகாய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கசியுமோ? இன்னொரு கவர் போடட்டுமா?"

"அத்தை!"

"சரிட்டி, சரி. ரொம்பத்தான்."

"என் தலைல அடிச்சுச் சொல்லுங்க."

"ஊருக்குப் போற புள்ள தலையில யாராவது அடிப்பாவளா?" என்று எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் மாதம் அவர் குளியலறையில் விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். வலது மார்பில் தொடங்கிய புற்றுநோய் அக்குள், எலும்பு, ஈரல் என்று எல்லா இடத்துக்கும் போயிருந்தது. டாக்டரம்மா சின்ன வயசு, கோபத்தில் குரல் உடைந்துவிட்டது. "எத்தனை மாசமா இருக்கு? வீட்ல யார்கிட்டயும் சொல்லலியா?"

"தீவாளிக்கு முன்னருந்தே இருக்கும்மா" என்றார் மதினி, பஸ் வரும் நேரம் சொல்வதுபோல.

தீபாவளிக்கு முன்பு என்றால், மகளின் பெயர் பட்டியலில் வருவதற்கும் முன்பு. என் கணவர் வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார். போயிட்டு வரட்டும்லே என்று மதினி சொன்னதை நான் அங்கேயே நின்று திரும்ப யோசித்துப் பார்த்தேன். பிள்ளை வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னாரா, தான் சாவதை அவள் பார்க்கக்கூடாது என்று சொன்னாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"புள்ளைக்குத் தெரியக்கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரிச்ச எழுதிட்டு வரட்டும். அப்ப நான் இருந்தா பாக்கட்டும். இல்லன்னா, நீ சோறு போட்டுட்டுச் சொல்லு."

மகளுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் இருவரும். மீறியவர்களும் நாங்கள்தான். அத்தை எங்கே என்று கேட்டால் கடம்பூரில் கல்யாணம் என்றோம். அடுத்த வாரம் போன் ரிப்பேர் என்றோம். பிறகு கண் ஆபரேஷன், கேமரா வெளிச்சம் ஆகாது என்றோம். உடம்பு கொஞ்சம் தேறியிருந்த நாட்களில் மதினி படுக்கையில் இருந்தபடியே, படம் இல்லாமல், குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசினார். "நல்லாருக்கேன். நீ நல்லாப் படி. குளிருக்குக் காதுல துணி கட்டிக்கோ." ஜூனில் அங்கே குளிர் இல்லை என்று மகள் சிரித்தாள். சிரித்தாலும், பிறகு என்னிடம் தனியாகக் கேட்டாள்: "அம்மா, எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கோம்."

ஜூலை தொடக்கத்தில் டாக்டரம்மா, இனி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார். என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். துணி மாற்ற நான் கோவில்பட்டிக்கு வந்திருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் அப்பாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. என் மகளுக்கு அது நடக்கக்கூடாது. மதினி என்ன சொன்னாலும் சரி, பரீட்சை போனாலும் சரி, சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். டிக்கெட் கிடைத்தால் வரட்டும், கிடைக்காவிட்டால் முகம் பார்த்துப் பேசட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று சமையலறையில் நின்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவளுக்கு அப்போது மதியம். போனை எடுத்தாள். தலை குளித்து ஈரமாக இருந்தது. பின்னால் ஜன்னலில் வெயில். மெலிந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை.

"சாப்ட்டியாட்டி?" என்றேன்.

"இல்லம்மா, இனிமேதான். என்ன?"

"போயி மொதல்ல சாப்ட்டுட்டு வா. ஒரு விஷயம் சொல்லணும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்தது எல்லாம் வடிந்து போயிற்று.

"அத்தையா?"

"ஆமா. ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்ல. உடம்பு சரியில்ல, மதுரைல சேத்திருக்கு. பேசுதாவ. நல்லாப் பேசுதாவ."

"அப்ப போன அவங்ககிட்ட குடு."

"நான் வீட்டுக்கு வந்திருக்கேன். அப்பா அங்கன இருக்காவ."

அவளே அப்பாவையும் அதே அழைப்பில் சேர்த்தாள். என் கணவர் எடுத்தார். "இப்பத்தான் ஊசி போட்டிருக்கும்மா, தூங்குதா. எழுப்பக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிருக்கு" என்றார்.

அது உண்மை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

"எப்பப்பா சுடுகாட்டுக்கு எடுத்தீங்க, அத்தையை?"

மூன்று மாதமாக அழாத என் கணவர் போனைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். அவள் கேட்ட கேள்விக்கு அந்த அழுகையைத்தான் பதிலாக எடுத்துக்கொண்டாள். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சாயங்காலம் ஒரு செய்தி அனுப்பினாள். சாவுக்குக் குளிப்பதுபோலத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாளாம். பரீட்சை எழுதிவிட்டு வருவாளாம். "தயவுசெய்து அத்தை இருக்காங்கன்னு இனிமே எங்கிட்ட சொல்லாதீங்க. என்னால தாங்க முடியல." அதன்பிறகு எங்கள் போனை அவள் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது நாள் மதினி உயிரோடு இருந்தார்.

நான் மகளிடம் சொல்லிவிட்டதை மறுநாள் அவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பேசுச்சா?" என்று கேட்டார். அழுகிறாள், அதனால் பேசவில்லை என்றேன். அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை. தினமும் கேட்டார். "புள்ள பேசுச்சா?" மூன்றாம் நாள் ஒரு ஆடியோ பதிவு செய்தோம். உள்ளதைச் சொல்லுங்கள், இன்றைக்கு என்ன கிழமை என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மதினி மூச்சை நன்றாக இழுத்து, குரலைப் பழைய குரலாக ஆக்கிக்கொண்டு, "நல்லாருக்கேன்ட்டி. ஒண்ணுமில்ல. நீ நல்லா எழுது" என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை. வாழ்நாளில் ஒரு கெட்ட சேதியைக்கூட முழுதாகச் சொல்லிப் பழகாத வாய் அது. அனுப்பினோம். மகளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "அப்பா, பழைய ஆடியோவை எல்லாம் எனக்கு அனுப்பாதீங்க."

வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்றேன். கூடவே கூடாது என்றார் மதினி. "அது பதிஞ்சு கெடக்கும்ட்டி. நாளப்பின்ன எடுத்து எடுத்துப் பாப்பா."

ஏழாம் நாள் மதியம் அவராகவே கூப்பிட்டார். "போன் போடு. நேர்ல மொகத்தக் காட்டுதேன்." தலையை வாரிவிடச் சொன்னார். தலையணை இரண்டை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். அவர் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு அழைத்தேன். அங்கே மணி அடித்தது. எடுக்கும்வரை திரையில் நம் முகம்தானே தெரியும். நாற்பது நாளாக அவர் கண்ணாடி பார்த்திருக்கவில்லை. அழைப்பு அடிக்க அடிக்க, திரையில் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் ஏறிய கண், குழிந்த கன்னம், எலும்பு. மூன்று தடவை அழைத்தேன். மூன்று தடவையும் முழுக்க அடித்து ஓய்ந்தது.

"நல்லவேள, எடுக்கல" என்றார் மதினி.

பிறகு அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை இறந்தார்.

காரியம் எல்லாம் முடிந்தபின், இதை எப்படி மகளிடம் சொல்வது என்று நான் கேட்டபோது என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவளுக்கு அக்கா அன்னைக்கே செத்தாச்சு. அழுது முடிச்சுட்டா. இன்னொரு தடவ எதுக்குச் சாகடிக்கணும்?"

"அவ நம்மகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு."

"அக்கா ஒம்பது நாள் உயிரோட கெடந்தா, நீ போன எடுக்கலன்னு சொல்லப் போறியா? பெத்தவதான நீ?"

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. மதினியே எழுந்து வந்து பேசியதுபோல இருந்தது. சரி என்றேன்.

மாலை போட ஒரு படம் வேண்டும் என்று ஸ்டூடியோவில் கொடுத்திருந்தோம். பிறந்த தேதியும் இறந்த தேதியும் கீழே போடும் வழக்கம் உண்டு. தேதி எதுவும் வேண்டாம் என்று என் கணவர் சொல்லியிருந்தார். மகள் வருவதற்கு முதல்நாள் நான்தான் வாங்கப் போனேன். படம் நன்றாக வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் தாளில் சுற்றப் போனார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். தேதி போட்டுருங்க."

"சார் வேண்டாம்னாவளே, டீச்சர்?"

"போட்டுருங்க. நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் சாவை என்னிடம் மறைத்த நாட்களுக்காகச் செய்தேனா, மதினியிடம் ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்று செய்தேனா? இரண்டாவது என்றால் என்னைவிடக் கொடியவள் யாரும் இல்லை.

மகள் மறுநாள் முற்பகல் வந்தாள். மதுரை விமான நிலையத்திலிருந்து அவள் அப்பா காரில் கூட்டிவந்தார். உள்ளே நுழைந்தவள் நேராக நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு மதினியின் வீட்டுக்குள் போனாள். படத்தின் முன் நின்றாள். என் கணவரும் அப்போதுதான் தேதியைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை வைத்திருப்பேன்.

மகள் போனை எடுத்து எதையோ தேடினாள். அவள் அனுப்பிய செய்தியின் தேதியாக இருக்கும். பிறகு படத்தைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"என்னைக் கேட்டாவளா?" என்றாள்.

நினைவே இல்லாமல் கிடந்தார் என்று சொல்லியிருக்கலாம். அது வாய்வரை வந்தது. சொன்னால் எல்லோரும் பிழைத்திருப்போம்.

"கேட்டாவ. தெனமும் கேட்டாவ. ஏழாம் நாள் மொகத்தக் காட்டணும்னு வீடியோல கூப்ட்டாவ. மூணு தடவ."

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்தாள். போனில் அந்த நாளைத் தேடிப் பிடித்து, எடுக்காத மூன்று அழைப்புகளை எனக்கும் தெரியும்படி என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அன்று அந்த நேரம் அறையில்தான் இருந்தாளாம். பரீட்சை இல்லையாம். போன் மேசையில் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

"இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்லாம்மா?" என்றாள்.

"நீதானட்டி எதையும் மறைக்கக் கூடாதுன்னு…"

"தெரியும்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன். தள்ளிவிடவில்லை. என் பக்கம் சாயவும் இல்லை. பகல் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் அந்த வீட்டில் அப்படியே இருந்தோம். யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.